ஒரே மெய்நிகர் வீட்டுக்குள் மூன்று ஊர்க்காரர்கள்: ஹெட்செட்டில் சேர்ந்து பிளான் பார்க்க விரும்பும் சிறு அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஐந்து பேர் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் எங்களுடையது. நாங்கள் வரைந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் உரிமையாளர் சிங்கப்பூரில் இருந்தார், கட்டமைப்புப் பொறியாளர் சென்னையில் இருந்தார். மூன்று தரப்பும், கண்களை மூடி மெய்நிகர் காட்சியைக் காட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இன்னும் கட்டப்படாத அந்த வீட்டுக்குள் ஒன்றாக நின்று பேசினால், இரண்டு வாரம் மின்னஞ்சலில் இழுபடுகிற சங்கதிகள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பினோம். முதல் அமர்வு ஒரு மணி நாற்பது நிமிடம் நடந்தது. அதில் வீட்டைப் பற்றிப் பேசியது கால் மணி நேரம்கூட இராது. மீதி நேரமெல்லாம் "கேக்குதுங்களா?", "எங்க நிக்கறீங்க?", "எந்தச் செவுரு?" என்பதிலேயே போயிற்று. போதாக்குறைக்கு, உரிமையாளர் எடுக்கச் சொன்ன சுவர் ஒன்றாகவும் நாங்கள் எடுத்த சுவர் வேறொன்றாகவும் இருந்ததால், மூன்று நாள் வரைவு வேலை வீணாயிற்று.

இன்று அதே அளவு வேலையை நாற்பது நிமிடத்தில் முடிக்கிறோம். இடையில் நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இரண்டு முதல் ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாடலைப் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்கு மட்டுமே இந்த வழிமுறைகள் பொருந்தும். நூறு பேர் கூடும் கூட்டத்துக்கோ பயிற்சி வகுப்புக்கோ இவை போதா.

1. இந்த வேலைக்கு ஹெட்செட் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

உடம்பின் அளவை வைத்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயங்களுக்கு மட்டுமே இந்தச் சிரமம் தகும். மாடிப்படி திரும்புமிடத்தில் தலை இடிக்குமா, சமையல் மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் இருவர் ஒருவரையொருவர் தாண்டிப் போக முடியுமா, சோபாவில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே தோட்டம் தெரியுமா பக்கத்து வீட்டுச் சுவர் தெரியுமா என்பன போன்ற கேள்விகளுக்குக் காகிதப் பிளான் விடை சொல்லாது. உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குப் பிளான் படிக்கத் தெரியாது என்பதை நாம் மரியாதைக்காகச் சொல்லாமல் விடுகிறோம், அவர்களும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிடுகிறார்கள்.

மதிப்பீட்டுத் தொகை பேசுவது, ஒப்பந்தம் படிப்பது, டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றுக்கு ஹெட்செட் வேண்டாம். முதல் இரண்டுக்கும் சாதாரண வீடியோ அழைப்பு போதும். நிறமோ, திரையில் காண்பதும் கையில் வாங்குவதும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை.

2. ஹெட்செட் வாங்குதல்

கணினியோடு கம்பியால் இணைக்கும் வகைக்கு விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு கொண்ட கணினியும் வேண்டும். புதியவர்கள், தனித்து இயங்கும் வகையோடு தொடங்குவது நல்லது. நாங்கள் மெட்டா குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் இரண்டையும் பயன்படுத்துகிறோம். அமெரிக்காவில் இவை முறையே 2023-இல் 499 டாலருக்கும் 2024-இல் 299 டாலருக்கும் அறிமுகமாயின. இங்கே கடைக்குக் கடை விலை மாறும், பெரும்பாலும் அந்தத் தொகையை ரூபாயாக்கினால் வருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இரண்டிலும் இருக்கும் சிப் ஒன்றேயாதலால் மாடல் ஓடும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. முக்கியமான வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வில்லையில்தான். குவெஸ்ட் 3-இல் ஓரங்களிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். அதில் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைச் சிறு சக்கரத்தால் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். 3எஸ்-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். கண் பரிசோதனைக் கடையில் உங்கள் அளவைக் கேட்டு வைத்துக்கொண்டு பிறகு தேர்ந்தெடுங்கள். எங்கள் பொறியாளருக்குப் பத்தே நிமிடத்தில் தலைவலி வந்ததற்குக் காரணம் இந்த அளவு பொருந்தாததுதான் என்று தெரிய எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

எல்லோருக்கும் ஹெட்செட் வாங்கவேண்டியதில்லை. முடிவெடுப்பவருக்கு ஒன்று, அவருக்கு வீட்டைச் சுற்றிக்காட்டுபவருக்கு ஒன்று என இரண்டு போதும். மற்றவர்கள் கணினித் திரையிலிருந்து சேரலாம்.

வாங்கும்போது மூன்று இடங்களில் ஏமாறுகிறார்கள். முதலாவது வாரண்டி. வேறு நாட்டுக்கென வந்த பெட்டியை இங்கே விற்கும் கடைக்காரர், "ஒரு வருட வாரண்டி உண்டுங்க" என்று வாயால் சொல்வார். பழுதானால் யார் சரிசெய்வார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை, ஆகவே கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் ஒன்று பழுதானபோது அந்தக் கடை கையை விரித்துவிட்டது. இரண்டாவது, பழைய ஹெட்செட். முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அவர் எதிரிலேயே உங்கள் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் வாங்கிவரச் சொல்வது. அசல் பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் பொருள்களின் மொத்த மதிப்பு சுங்க விலக்கு வரம்பைத் தாண்டுமானால் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்க் கணக்குக் காட்டி வரி கட்டவேண்டும். பச்சை வழியில் போய் மாட்டிக்கொண்டால் வரியோடு அபராதமும் சேரும். லித்தியம் பேட்டரி உள்ளதால் கைப்பையில் கொண்டுவருவதே முறை.

ஹெட்செட்டோடு வரும் துணி வார் அரை மணி நேரத்துக்கு மேல் கன்னத்தை அழுத்தும். பின்னால் திருகு வைத்த வார் ஒன்றையும், முகம் படும் இடத்துக்கு ரப்பர் உறை ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். எங்கள் அலுவலகத்தில் திருநீறு வைப்பவர், குங்குமம் வைப்பவர், தலைக்கு எண்ணெய் தேய்ப்பவர் மூவரும் உண்டு. ஒரே வாரத்தில் அந்தப் பஞ்சுப் பட்டை சிவப்பும் சாம்பலுமாக மாறி, விருந்தாளிக்கு நீட்ட முடியாத நிலைக்கு வந்தது. ரப்பர் உறையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

3. கணக்கு, கட்டணம், கையெழுத்துகள்

ஹெட்செட்டை முதன்முதலாக இயக்கக் கைப்பேசியில் மெட்டா ஹொரைசன் செயலியும் ஒரு மெட்டா கணக்கும் தேவை. ஊழியரின் சொந்தக் கணக்கில் தொடங்காதீர்கள். அலுவலகத்துக்கென மின்னஞ்சல் ஒன்றை உருவாக்கி அதில் தொடங்குங்கள். ஊழியரின் கணக்கில் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போகும்போது ஹெட்செட்டில் உள்ள மென்பொருள்களும் அவரோடு போய்விடும்.

சேர்ந்து பார்ப்பதற்கான மென்பொருள்கள் பல. கட்டட வேலைக்கு ஆர்க்கியோ, பொதுவான வடிவமைப்புக்கு ஷேப்ஸ்எக்ஸ்ஆர் போன்றவை புதியவர்களுக்கு ஏற்றவை. இரண்டிலும் கட்டணமின்றித் தொடங்கலாம். ஆட்டோடெஸ்க் மென்பொருள்களை ஏற்கெனவே வாங்கியுள்ள பெரிய நிறுவனங்களுக்கு வொர்க்‌ஷாப் எக்ஸ்ஆர் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்: விருந்தினராக வரும் உரிமையாளரும் பணம் கட்டவேண்டுமா, நாம் உள்ளே செய்த மாற்றங்களைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா, ஹெட்செட் இல்லாதவர் கணினியிலிருந்து சேர முடியுமா. இரண்டாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தத் துறையில் சேவைகள் குறுகிய அவகாசத்தில் மூடப்படுவது சகஜம். பலர் மெய்நிகர் அறைகளில் கூடிப் பேச உதவிய சேவைகளில், மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சிலும், மொசில்லா நடத்திய ஹப்ஸ் சேவை 2024 மே மாதத்திலும் மூடப்பட்டன. அவற்றுக்குப் பின்னால் இருந்தவை சின்னக் கம்பெனிகள் அல்ல.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் பதறவேண்டாம். 2020-க்குப் பிறகு வந்த இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், வங்கிச் செயலிக்குள் போய் நாம்தான் திறக்கவேண்டும். மாதந்தோறும் தானாகக் கழியும் கட்டணங்களுக்கு வங்கியில் முன்பதிவு வேண்டும், ஒருமுறைக்கு 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்கும். ஓடிபி வந்ததைக் கவனிக்காமல் விட்டால் அமர்வு நாளன்று சந்தா காலாவதியாகியிருக்கும். ஆகவே ஆண்டுக் கட்டணமாகக் கட்டுவதே நிம்மதி. உங்கள் அலுவலகம் ஜிஎஸ்டி பதிவு பெற்றதாயின், வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கும் மென்பொருள் சேவைக்கு 18 சதவீத வரியை எதிர்முறை (ரிவர்ஸ் சார்ஜ்) அடிப்படையில், அதாவது விற்பவருக்குப் பதிலாக, நீங்களே செலுத்தவேண்டும். அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரவு வைத்துக்கொள்ள வழியுண்டு. பில்லை அந்த மாதமே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். வருடக் கடைசியில் கொடுத்து வட்டி கட்டியவர்கள் நாங்கள்.

கையெழுத்து வாங்கவேண்டியவை இரண்டு. பிளானும் மாடலும் வெளிநாட்டுச் சர்வரில் ஏற்றப்படுவதற்கு உரிமையாளரின் சம்மதம் ஒன்று. அமர்வின் குரலையும் காட்சியையும் பதிவு செய்வதற்குக் கலந்துகொள்ளும் அனைவரின் சம்மதம் மற்றொன்று. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை வலியுறுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்க, பின்னாளில் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு வரும்போது பதிவுதான் கைகொடுக்கும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழிலேயே எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, கையெழுத்திட்ட படத்தைத் திரும்பப் பெற்றால் போதும்.

4. அறை, இணையம், மின்சாரம்

ஒருவருக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றுத்தரை வேண்டும். இடம் இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம், ஆனால் சமையல் மேடையின் உயரத்தை உட்கார்ந்தபடி சோதிக்க முடியாது. அறையில் நிலைக்கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள், இருட்டாகவும் வைக்காதீர்கள். ஹெட்செட் தன்னுடைய கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தன் இடத்தை அறிகிறது. ஜன்னல் வெயிலில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். வில்லை பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும், அந்தக் கரும்புள்ளி பிறகு போகவே போகாது.

இணையத்தில் வேகத்தைவிடச் சீரான ஓட்டமே முக்கியம். குரலும் ஆட்களின் அசைவும் மிகக் கொஞ்சமாகவே இழுக்கும், மாடல் இறங்கும்போதுதான் பாரம் அதிகம். ரூட்டரை அதே அறையில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். அது சுவர் தாண்டினால் வலுவிழக்கும். ரூட்டருக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஹெட்செட்டில் பேட்டரி இருப்பதால் மின்சாரம் போனால் ஹெட்செட் அணையாது, ரூட்டர்தான் அணையும். நீங்கள் மட்டும் தன்னந்தனியே வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பீர்கள். உரிமையாளரை அவருடைய அலுவலக இணையத்திலிருந்து சேரச் சொல்லாதீர்கள், பெரும்பாலான நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு வேலி (ஃபயர்வால்) இதை உள்ளே விடுவதில்லை. வீட்டிலிருந்து சேரட்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இங்கே மாலை 5 மணிக்கு வைத்தால் அங்கே இரவு 7.30. இரு பக்கத்துக்கும் ஒத்துவரும் நேரம் அதுதான்.

5. மாடலைத் தயார்செய்தல்

எங்கள் முதல் அமர்வு பாழானதற்குப் பாதிக் காரணம் இது. நாம் வரைவது மில்லிமீட்டரில். முப்பரிமாண மாடலைச் சேமிக்கும் கோப்பு வகைகளில், ஹெட்செட் மென்பொருள்கள் விரும்பும் ஜிஎல்பி கோப்பு மீட்டர் கணக்கில் இயங்கும். ஓபிஜே கோப்பிலோ எண்கள் மட்டும் இருக்கும், எந்த அலகு என்ற குறிப்பே இராது. ஆகவே 230 மில்லிமீட்டர் கனமுள்ள நம்முடைய ஒன்பது அங்குலச் சுவர், உள்ளே போனதும் 230 மீட்டர் கனமாகிவிடும். முதல் நாள் நாங்கள் உள்ளே நுழைந்தபோது சுற்றிலும் சாம்பல் நிறம் மட்டுமே தெரிந்தது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று அதை மூன்று முறை நிறுவினோம். உண்மையில் நாங்கள் ஒரு செங்கல் சுவரின் வயிற்றுக்குள் நின்றிருந்தோம்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. மாடலின் முன்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் அளவுள்ள கனசதுரம் ஒன்றை வைத்து, மாடலைக் கோப்பாக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யுங்கள். உள்ளே போனதும் அது உங்கள் இடுப்பளவுக்கு இருக்கிறதா, ஏழடிக் கதவு தலைக்கு மேல் ஒன்றேகால் அடியோ ஒன்றரை அடியோ தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். சரியென்றால் மேலே போகலாம். வீடு பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால், உயரத்துக்கு உரிய அச்சு மாறியிருக்கிறது என்று பொருள். ஏற்றுமதிச் சாளரத்தில் ஒய் அச்சு மேல்நோக்கி என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுந்து நின்றுவிடும்.

அடுத்த பொறி, சர்வே ஆயத்தொலைவு, அதாவது நில அளவையில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள். நில அளவை வரைபடத்தின் மீது நேரடியாக வரைந்திருந்தால், மாடல் பூச்சியப் புள்ளியிலிருந்து பல லட்சம் மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு பெரிய எண்களோடு சேர்த்து மில்லிமீட்டரையும் நுட்பமாகக் கணக்கிட இந்த மென்பொருள்களால் ஆகாது. சுவர்களின் விளிம்புகள் காய்ச்சல்காரரின் கைபோல நடுங்கும், பார்ப்பவருக்குக் குமட்டும். வீட்டின் ஒரு மூலையைப் பூச்சியத்துக்கு நகர்த்தியபிறகே ஏற்றுமதி செய்யுங்கள்.

மூன்றாவது, பாரம். கணினி எந்த உருவத்தையும் சிறுசிறு முக்கோணங்களாகவே வரைகிறது, அவை கூடக்கூடப் பாரமும் கூடும். சுவரும் கூரையும் பாரமே அல்ல. தயாரிப்பாளர்களின் தளங்களிலிருந்து இறக்கிய குழாய், வாஷ்பேசின், திரைச்சீலை, செடி ஆகியவைதான் பாரம். எங்கள் மாடலில் குளியலறைக் குழாய் ஒன்றில் மட்டும் வீட்டின் எல்லாச் சுவர்களையும் சேர்த்தால் வருவதைவிட அதிக முக்கோணங்கள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு வெறும் பெட்டி வடிவங்களை வையுங்கள், அல்லது இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் டெசிமேட் வசதியால் முக்கோணங்களைக் குறையுங்கள். மொத்தம் ஐந்து லட்சம் முக்கோணம், 50 எம்பி கோப்பு என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு. அதற்குள் இருந்தால் பழைய குவெஸ்ட் 2-இலும் திக்காமல் ஓடுகிறது.

கடைசியாக, ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சுவரின் மீதே பெரிதாக ஒட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் செலவாகும், அது திருப்பித் தரும் நேரம் மிக அதிகம். தமிழில் ஒட்டுவதாக இருந்தால் மென்பொருளின் எழுத்துக் கருவியை நம்பாதீர்கள். இவற்றில் பல, தமிழின் உயிர்மெய்க் குறிகளைச் சரியாக இடம் மாற்றிக் காட்டத் தெரியாதவை. 'மேல்தளம்' என்று அடித்தோம், இரட்டைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் அநாதையாக நின்றது. எழுத்தைக் கணினியில் படமாக மாற்றி அந்தப் படத்தை ஒட்டினால் பிழை வராது.

6. அமர்வுக்கு முந்தைய நாள்

உரிமையாளரோடு முந்தைய நாள் இருபது நிமிடம் தனியாகச் செலவிடுங்கள். வீட்டைக் காட்டாதீர்கள், வெற்று அறையில் நடக்கவும் சுட்டவும் மட்டும் பழக்குங்கள். கட்டைவிரலால் கன்ட்ரோலரில் உள்ள குச்சியைத் தள்ளி வழுக்கிப் போகும் முறை புதியவருக்குத் தலைசுற்றலைத் தரும். இடத்தைச் சுட்டிவிட்டு அங்கே தாவும் முறையை மட்டும் கற்றுக்கொடுங்கள். கொட்டாவி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல் ஆகியவை குமட்டலின் முன்னறிவிப்புகள். அப்போதே கழற்றச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கழற்றியதும் வண்டி ஓட்டவும் விடவேண்டாம்.

அன்றே எல்லா ஹெட்செட்டிலும் மென்பொருள் புதுப்பிப்புகளை முடித்து, இரவில் சார்ஜ் போட்டுவிடுங்கள். முழு சார்ஜில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கும். அமர்வு தொடங்கும் நிமிடத்தில்தான் புதுப்பிப்பு வந்து நிற்கும் என்பது எங்கள் அனுபவம்.

7. அமர்வில் யாருக்கு என்ன வேலை

நடத்துபவர் ஒருவர், மாடலைத் திருத்துபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர் என மூன்று பொறுப்புகளையும் முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். குறிப்பெடுப்பவர் ஹெட்செட் மாட்டக்கூடாது. உள்ளே இருப்பவரால் வேகமாகத் தட்டச்சு செய்ய முடியாது, வெளியில் இருக்கும் குறிப்பேட்டையும் எளிதில் பார்க்க முடியாது. நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி வெளியே வந்தால் பாதி மறந்திருக்கும். எங்கள் குறிப்பெடுப்பவர் கணினித் திரையில் அதே காட்சியைப் பார்த்தபடி, சுவர் எண், சொன்னவர், முடிவு என்று மூன்று பத்திகளில் எழுதுகிறார்.

திருத்துபவர் ஒருவரே இருக்கவேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஒரு ஜன்னலைப் பிடித்தால், சில மென்பொருள்களில் முதலில் பிடித்தவருக்கே அது கிட்டும், வேறு சிலவற்றில் இரு கைகளுக்கும் நடுவே தாவிக் குதிக்கும். எது நடந்தாலும் யார் எதை நகர்த்தினார் என்று பிறகு தெரியாது. தொடங்குவதற்கு முன் மாடலின் நகல் ஒன்றைத் தேதியோடு சேமித்துவிடுங்கள்.

ஒரே அலுவலகத்தில் இருவர் ஹெட்செட்டோடு சேர்ந்தால் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பக்கத்தில் இருப்பவரின் குரல் நேரிலும் ஹெட்செட்டிலும் இருமுறை கேட்டு எதிரொலிக்கும். இருவரும் காதுக்கருவி (இயர்ஃபோன்) மாட்டுங்கள், அல்லது தனித்தனி அறைக்குப் போங்கள். குவெஸ்ட் 3எஸ்-இல் சாதாரணக் காதுக்கருவிக்கான துளை கிடையாது என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ளுங்கள். மற்றொன்று, மெய்நிகர் வீட்டில் அவர் மாடியில் நிற்பதாகத் தெரிவார், நிஜத்தில் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்பார். தரையில் நிற ஒட்டுநாடாவால் இரண்டு கட்டங்கள் போட்டு, அதற்குள்ளேயே நில்லுங்கள்.

8. "இந்தச் சுவர்" என்று சொல்லாதீர்கள்

இவ்வளவையும் சரியாகச் செய்தும் வேலை கெடுவது இங்கேதான். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உரிமையாளர் வீட்டைப் பொம்மை வீடுபோலச் சிறிதாக்கி, மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வரைவாளர் அதே வீட்டுக்குள் நிஜ அளவில், சமையலறையில் நின்றிருந்தார். "இந்தச் செவுத்தை எடுத்துரலாங்க தம்பி" என்று உரிமையாளர் விரலை நீட்டிச் சொன்னார். வரைவாளருக்குக் கூரைக்கு மேலே இருந்த அந்த விரல் தெரியவில்லை, குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. தான் பார்த்துக்கொண்டிருந்த சுவரையே அவரும் பார்க்கிறார் என்று எண்ணி, "சரிங்கண்ணா" என்றார். உரிமையாளர் சுட்டியது பூஜை அறைச் சுவர். எடுக்கப்பட்டது சமையலறைச் சுவர்.

நேரில் ஒரே அறையில் நிற்கும்போது அடுத்தவரின் கண் எங்கே போகிறது, கை எதைக் காட்டுகிறது, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை நாம் அறியாமலே ஒரு பார்வையில் அள்ளிக்கொள்கிறோம். ஹெட்செட்டில் அந்தப் பார்வை குறுகலானது. குவெஸ்ட் 3-இல் கிடையாகத் தெரிவது 110 பாகை, 3எஸ்-இல் 96. அவருடைய கையைப் பார்த்தால் பொருள் தெரியாது, பொருளைத் தேடித் திரும்பினால் கை மறைந்துவிடும். இதைப் புதிய சிக்கல் என்று எண்ணவேண்டாம். 1998-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹிண்ட்மார்ஷ் முதலிய ஆய்வாளர்கள், மெய்நிகர் அறையில் சேர்ந்து மேசை நாற்காலிகளை அடுக்கியவர்களைக் கவனித்து இதையேதான் எழுதினார்கள்: சுட்டும் கையும் சுட்டப்படும் பொருளும் ஒருசேரக் கண்ணில் படாததால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நிலைநாட்டுவதற்கே பேச்சில் பெரும்பகுதி செலவாயிற்று. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அந்தத் தடுமாற்றம் அப்படியே இருக்கிறது.

ஆகவே நாங்கள் சில பழக்கங்களை வைத்திருக்கிறோம். எல்லோரும் ஒரே அளவில்தான் இருக்கவேண்டும், பொம்மை அளவுக்கு மாறுவதானால் எல்லோரும் சேர்ந்து மாறவேண்டும். நடத்துபவர் "இப்போது முதல் மாடி, கிழக்கு அறை" என்று சொல்லி எல்லோரையும் தன் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டபிறகே பேச்சைத் தொடங்குகிறார். விரலால் சுட்டுவதில்லை, கன்ட்ரோலரிலிருந்து நீளும் ஒளிக்கோட்டால் சுட்டுகிறோம், அது பொருளின் மீதே போய்ப் படுவதால் கையைத் தேடவேண்டியதில்லை. 'இந்த', 'அந்த', 'இடப்பக்கம்' ஆகிய சொற்கள் எங்கள் அமர்வில் செல்லாது. ஒருவரையொருவர் எதிர்நோக்கி நிற்கும்போது இடப்பக்கம் யாருக்கு இடப்பக்கம்? திசையைச் சொல்கிறோம், சுவர் எண்ணைச் சொல்கிறோம். வாஸ்து பார்த்துப் பழகிய நம் ஊர் உரிமையாளர்களுக்கு ஈசானியம், கன்னிமூலை என்றால் சட்டென்று விளங்கிவிடுகிறது. இந்த விஷயத்தில் நம் பாடு எளிது.

எதையேனும் நீக்கும் முன் திருத்துபவர் அந்தச் சுவருக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, "த-7, பூஜை அறையின் தெற்குச் சுவர், சிவப்பாக இருக்கிறது, இதுதானே?" என்று கேட்கவேண்டும். உரிமையாளர் தலையாட்டினால் போதாது. மெய்நிகர் வீட்டில் தெரியும் அவருடைய உருவத்தில் தலையாட்டல் தெரியும், ஆனால் கழுத்து வலிக்கு அசைத்ததும் அப்படியே தெரியும். வாயால் "ஆமாம்" என்று சொல்லவேண்டும்.

மாடி மாறிப் போனவர்களுக்குக் குரல் கேட்காமல் போவதும் உண்டு, தூரத்துக்கேற்பக் குரலைக் குறைக்கும் வசதி பல மென்பொருள்களில் தானாகவே இயங்குவதுதான் காரணம். அமைப்புகளில் போய் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மேல்மாடியில் ஒருவர் பத்து நிமிடம் தமக்குத்தாமே விளக்கிக்கொண்டிருப்பார்.

நாற்பது நிமிடத்தில் நிறுத்துங்கள். மே மாதத்தில் அரை மணி நேரமே அதிகம். வில்லையில் வியர்வை படர்ந்துவிடும்.

9. அமர்வு முடிந்த அன்றே

குறிப்பெடுப்பவரின் அட்டவணையை, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காணொளித் துணுக்கோ நிழற்படமோ இணைத்து, அன்று இரவுக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள் இருந்தால் சண்டையே வராது. 48 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று முதல் நாள் வாங்கிய சம்மதக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கட்டமைப்பைத் தொடும் முடிவுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. தூண், பீம், சுமைச்சுவர் எதை அசைப்பதானாலும் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட வரைபடம் வரும்வரை மாடலில் அந்தச் சுவர் சிவப்பாகவே இருக்கட்டும்.

தளத்தில் இருக்கும் மேஸ்திரிக்கு ஹெட்செட்டோ மாடலோ அனுப்பவேண்டாம். அவருக்கு வேண்டியது அளவு போட்ட ஒரு தாள். அதில் தேதியையும் திருத்த எண்ணையும் போட்டு, பழைய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.